தளைநாரும் பனித்தோலும்

"நோர்வேயிலை பனியும் இப்பிடித்தான் குவிஞ்சு கிடக்குமோ, தம்பி?"

ஆனையிறவு உப்பளத்தின் வரம்பில் நின்றுகொண்டு என்னைக் கேட்டவர், இயக்கச்சியைச் சேர்ந்த ஒரு முதியவர். தம் இளமைக் காலமெல்லாம் பனை ஏறிப் பிழைத்தவர். நிறம் ஒன்றுதான், குணம் வேறு என்றேன். உப்புக் காலைக் கடிக்கும்; பனியோ காலை வாரிவிடும். அதன்மேல் நடப்பதற்கும் ஒரு வித்தை வேண்டும் என்று சொல்லி, அந்த வித்தையை விளக்கப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

வழுக்கும் நிலத்தில் நடை பயின்றவனே நானும். கோடையிற் களப்பு வற்றும்போது சேற்றின்மேல் உப்பு ஏடுபோற் படியும். ஏடு தாங்கும் என்று நம்பிக் காலை வைத்தால் முழங்கால்வரை புதையும். புதைந்த காலை இழுத்தால் மற்றக் கால் வழுக்கும். எந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஆனையைப் போலை நட" என்பார். தாம்போதி தோன்றுவதற்கு முன், வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை இவ்வாழமற்ற நீரினூடாகவே யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்றனர். ஒல்லாந்தர் காலத்தில் அவை அங்கே ஏலத்தில் விலைபோயின. ஊரின் பெயரும் அதனால் வந்ததே என்பர். யானையின் பாதம் பாரம் ஏறும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். ஆகவே சேறு அதைப் பிடித்துவைக்க மாட்டாது. எந்தையாருக்கு இது தெரிந்திருந்ததோ, வாய்ப்பழக்கமாகச் சொன்னாரோ, அறியேன்.

1987ஆம் ஆண்டில் நான் மாணவனாக நோர்வே சென்றேன். எனக்கு வெகுகாலம் முன்பே, 1956இல், குருநகர் அந்தோனி இராசேந்திரம் அவர்கள் மோட்டார்ச் சைக்கிளில் அந்நாட்டை அடைந்த கதையை யாழ்ப்பாணத்தார் அறிவர். படிப்பு முடிந்தபின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில் ஒரு மீன் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே நடை பழகிய குழந்தை அடுத்துப் பழகுவது ஸ்கீ. நோர்வேயர் 'ஷீ' என்றே உச்சரிப்பர். பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் பழம்பொருள்.

மலைச்சரிவில் விரைந்து இறங்கும் விளையாட்டை வாசகர்கள் திரைப்படங்களிற் பார்த்திருக்கலாம். நான் சொல்வது அதுவன்று. பாதையற்ற வெளியில் ஏற்றமும் இறக்கமுமாக நாள் முழுதும் நடப்பது. இங்கே ஸ்கீயிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று மாறான இரண்டு வரங்கள்: முன்னோக்கி வழுக்கவும் வேண்டும், பின்னோக்கி வழுக்காமல் நிற்கவும் வேண்டும். இதற்காகக் கட்டையை நடுவில் வில்போல் மேலே வளைத்துச் செய்வர். இரு கால்களிலும் பாரம் பகிர்ந்திருக்கையில் நுனியும் வாலும் மட்டுமே பனியிற் படிந்து வழுக்கும். ஒரு காலிற் பாரம் முழுவதையும் அழுத்தி உந்தும்போதுதான் நடுப்பகுதி பனியைத் தொடும். பிடிப்புத் தருவது எதுவாயினும் அந்த நடுப்பகுதியில் இருந்தாற் போதும்.

அங்கே மெழுகு பூசுவது வழக்கம். குளிருக்கு வன்மெழுகு, இளஞ்சூட்டுக்கு மென்மெழுகு, உருகி மீண்டும் உறைந்த பனிக்குப் பசைபோன்ற ஒரு பிசின். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும் நாளில் இக்கணக்குகள் யாவும் பொய்த்துவிடும். நிழலில் வழுக்கும் மெழுகு வெயிலிற் பனியை அள்ளி அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாளுக்கென்றே உள்ளது தோல்.

பெயர் தோல் என்றாலும் இன்று அது அங்கோரா ஆட்டின் மயிராலோ நைலோனாலோ நெய்த பட்டை. மயிரெல்லாம் வாலை நோக்கிப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் மயிர் படுத்து வழிவிடும். பின்னே நழுவினாற் சிலிர்த்துப் பனியைக் கௌவும். ஆட்டுமயிர் நன்றாக வழுக்கும்; நைலோன் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். செங்குத்து மலைக்கும் பாரவண்டி இழுப்பதற்கும் கட்டையின் முழுநீளத்துக்கும் தோல் வேண்டும். மேடுபள்ளமான வெளிக்கோ காலடியில் மட்டும் பொருந்தும் குறுந்தோல் போதும். வழுக்கலை அது அதிகம் கெடுப்பதில்லை. வெறும் பனிக்கட்டியில் மட்டும் இரண்டு தோலும் பயன்படா. அங்கே கட்டையின் உருக்கு விளிம்புதான் துணை.

இதைப் புதுமை என்று எண்ணற்க. பண்டை ஸ்கந்திநேவியாவின் சில பகுதிகளில் ஒரு காலுக்கு நீளக்கட்டை, மறு காலுக்குக் குட்டைக்கட்டை அணிந்தனர். நீளத்தில் வழுக்கி, தோல் போர்த்த குட்டையால் உந்தினர். 1888இல் நான்சன் ஐந்து துணைவருடன் கிறீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோது, அவர்கள் கொண்டுசென்ற கட்டைகள் சிலவற்றின் நடுவடியில் எல்க் என்னும் பெருமானின் தோலை மயிரோடு பதித்திருந்தனர்.

2000ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு முன்தினம், ஏப்ரல் 22, ஆலையில் என்னோடு வேலைசெய்த மூத்த தோழர் ஒருவருடன் மலைவெளிக்குச் சென்றிருந்தேன். இரவில் உறைந்த பனியின்மேற் காலையில் வெகு தூரம் ஓடினோம். நண்பகலில் வெயில் ஏறியது. பனி ஈரச் சோறாயிற்று. திரும்பும் வழியோ ஏற்றம். "தோலைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொள்" என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் சோம்பலாற் பையில் எறிந்திருந்தேன். நனைந்து குளிர்ந்த பசை ஒட்ட மறுத்தது. பத்து அடி நடப்பதற்குள் தோல் உரிந்து தொங்கிற்று. அவர் ஒரு சொல்லும் கடியவில்லை. என் கட்டையிலிருந்த மெழுகைச் சுரண்டி, தம் சட்டைக்கையால் ஈரம் துடைத்து, என் தோல்களைத் தம் வயிற்றோடு வைத்துச் சூடேற்றி ஒட்டி, வாற்பக்கத்தைக் கயிற்றாற் கட்டினார். மாலையில் ஈரப்பனி இறுகத் தொடங்கியது, காற்றும் எழுந்தது. இரவு பத்து மணிக்குக் குடிலை அடைந்தபோது எனக்கு விரல்களில் உணர்ச்சி இல்லை.

அடுப்பு மூட்டி வானொலியைத் திருப்பினோம். அயல்மொழிச் செய்தியில் என் ஊரின் பெயர்! ஆனையிறவுப் படைத்தளம் புலிகளின் கையில் வீழ்ந்தது என்றார்கள். அன்னை அப்பொழுது வன்னிக்குள் இடம்பெயர்ந்திருந்தாள், தொலைபேசி இல்லை. எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. தோழர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தவுமில்லை, கேள்வி கேட்கவுமில்லை; என் தோல்களை அடுப்புக்கு மேலே கொடியிற் காயப் போட்டார். அன்னை நலம் என்ற கடிதம் வர ஏழு வாரமாயிற்று.

அத்தோல்களில் ஒன்றை இம்முறை ஊருக்கு எடுத்து வந்திருந்தேன். முதியவர் அதை மடியில் வைத்து முன்னும் பின்னுமாகத் தடவினார். பிறகு சிரித்தார்.

"உது எங்கடை தளைநாரெல்லோ! மிதிச்சாப் பிடிக்கும், தூக்கினா விடும்."

பதினைந்து நிமிடம் நான் விளக்கியது அவருக்கு ஒரு வரியாயிற்று. இரு பாதங்களையும் பிணைத்த அந்த நார் வளையம், பாரம் விழும்போது மரத்தை இறுக்கிக் கடிப்பதையும், கால் எழும்பும்போது இலேசாக மேலே வருவதையும் நான் சிறுவயதில் எத்தனை முறை பார்த்திருப்பேன்!

"மழைக்கு மரம் வழுக்கும், நாங்கள் ஏறமாட்டம். உது நனைஞ்சால் என்ன செய்வியள்?"

"மயிரிலை மெழுகு தேய்ப்பம், அண்ணை. ஈரம் ஊறாது, பனியும் ஒட்டாது. தேய்க்க மறந்தால் அடியிலை பனி கட்டிபட்டு, கால் கல்லாய்க் கனக்கும்."

"மறந்திருக்கிறீரோ?"

"மறந்திருக்கிறன்."

அவர் தோலைச் சுருட்டி, என் பைக்குள் வைக்காமல், சட்டைப்பையில் திணித்துவிட்டார்.