உலர் உடையின் இரு வால்வுகள்

ஸ்காட்லாந்து, நார்வே முதலிய நாடுகளின் குளிர்ந்த கடலில் மூழ்குவோர், நீர் புகாத உலர் உடை அணிவர். உடலுக்கும் உடைக்கும் இடையே நிற்கும் காற்றை ஆள்பவை இரு வால்வுகள். மார்பிலுள்ளது காற்றை உள்ளே விடும். பெரும்பாலும் இடது மேற்கையில் அமைவது வெளியேற்றும்.

இவற்றின் பெரும் பகை உப்பு. கடல்நீர் உலர்ந்தபின் உப்பு படிந்தால், மார்பு வால்வின் பொத்தான் அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். 10 மீட்டர் ஆழத்திலுள்ள காற்று நீர்மட்டம் வருவதற்குள் இரு மடங்காக விரியும். அதன்மேல் புதுக் காற்றும் அடங்காது புகுமாயின், மூழ்கியவர் விரைந்து மேலே தள்ளப்படுவார். நுரையீரல் கிழியவும், குருதியில் வாயுக் குமிழிகள் தோன்றவும் இடமுண்டு.

ஆகவே, ஒவ்வொரு முறையும் கரையேறியதும் வால்வுகளை நன்னீரில் அலசுதல் வேண்டும். அலசும்போது பொத்தானைப் பன்முறை அழுத்தி விடுதலும், மற்றதைத் திருகுதலும் நன்று. வெளியேற்றும் வால்வினுள் ஒரு மயிரிழை தங்கினும் நீர் கசியும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், அதனை இடலாகாது. பிரித்துப் பழுது பார்ப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

நீரில் இறங்குமுன் காற்றுக் குழாயை இணைத்துப் பொத்தானை அழுத்தி விடுக. காற்று உடனே நிற்றல் வேண்டும். நில்லாவிடில் அன்று இறங்காதிருப்பதே அறிவுடைமை.