திருத்துபவருக்கு ஒரு வரி

மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் ஒரு புள்ளியில் மின்புலம் காண வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அடிக்கடி வரும் ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் நன்றாகப் போட்டிருந்தது. நேர் மின்னூட்டத்தால் வரும் புலம், எதிர் மின்னூட்டத்தால் வரும் புலம், இரண்டு சமன்பாடுகளும் சரி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, இரண்டு பின்னங்களையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவர வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்திருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "சார், நேத்து வரைக்கும் இது தெரியும் சார். இப்ப வரமாட்டேங்குது."

நான் விடைத்தாள் திருத்தப் போன முதல் வருடம் அது. எழுதிய பிள்ளை ஆணா பெண்ணா என்பது எனக்குத் தெரியாது. அது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்தாளை எடுத்துவிட்டு, ஒரு டம்மி நம்பரோடு கட்டை எங்கள் கையில் கொடுத்தார்கள். என்னையும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. சார் என்று கூப்பிட்டிருந்ததே, நான் டீச்சர்.

திருத்தும் முகாமில் இருந்த மூத்தவர்களுக்கு இது புதிதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவார்கள். பாஸ் மட்டும் போதும், இல்லாவிட்டால் கல்யாணம் பண்ணி வைத்துவிடுவார்கள் என்று எழுதுவார்கள். சிலர் ரோஜாப்பூ வரைவார்கள். வட மாநிலங்களில் தாளுக்குள் ரூபாய் நோட்டைச் செருகி வைப்பதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை விதிப்படி குற்றம். தேர்வாளரிடம் வேண்டுகோள் வைப்பதும், ஆளை அடையாளம் காட்டும் குறி இடுவதும் ஏறக்குறைய எல்லாத் தேர்வு வாரியங்களும் தடை செய்தவை.

அந்த வரியில் என்னை உலுக்கியது அதன் துல்லியம். 'மறந்துபோச்சு' என்று அந்தப் பிள்ளை எழுதவில்லை. 'வரமாட்டேங்குது' என்றுதான் எழுதியது. மறதிக்கும் வராமைக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை நம் பேச்சுமொழி எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடம் அதைப் பிரித்துக் காட்டியது 1998இல்.

அந்த ஆண்டு டொமினிக் டி குவெர்வான், பென்னோ ரூசெண்டால், ஜேம்ஸ் மெக்காஃப் மூவரும் நேச்சர் இதழில் ஓர் எலிச் சோதனையை வெளியிட்டார்கள். நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடையைத் தேடி நீந்த எலிகளை முதலில் பழக்கினார்கள். மறுநாள் நினைவைச் சோதிக்கும் முன் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சிக்கு 2 நிமிடம் கழித்துச் சோதித்த எலிகள் மேடை இருந்த இடத்தை நினைவு வைத்திருந்தன. 4 மணி நேரம் கழித்துச் சோதித்தவையும் அப்படியே. 30 நிமிடம் கழித்து நீரில் விடப்பட்டவை மட்டும் தடுமாறின. அந்த அரை மணி நேரத்தில்தான் அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. அந்த ஹார்மோன் சுரக்காமல் மருந்தால் தடுத்தபோது தடுமாற்றமும் இல்லாமல் போனது. ஆக, நினைவு அழிந்துபோகவில்லை. வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துவரும் வழிதான் கொஞ்ச நேரம் அடைபட்டது. இரண்டு ஆண்டு கழித்து டி குவெர்வான் மனிதர்களிடமும் இதைக் கண்டார். சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தவர்களுக்கு, ஒப்பிக்க ஒரு மணி நேரம் முன்பு கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தால் நினைவுகூர்வது குறைந்தது. படிப்பதற்கு முன்போ படித்த உடனேயோ கொடுத்தால் அப்படி ஆகவில்லை.

வகுப்பில் ஒப்பித்த பிள்ளை தேர்வு அறையில் தவிப்பதையும், மணி அடித்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது விடை முழுதாக வந்து விழுவதையும் ஆசிரியர்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! 'படிச்சிருந்தா வந்திருக்கும்' என்று கடிந்துகொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

ஹார்மோன் ஒரு பக்கம் இருக்க, இடப் பற்றாக்குறை இன்னொரு பக்கம். ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது இடைப்பட்ட படிகளைக் கையில் ஏந்துவது போல மனம் ஏந்திக்கொள்ளும் இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். அந்தக் கை மிகச் சிறியது. ஒரே சமயத்தில் நான்கைந்து உருப்படிகளுக்கு மேல் தாங்காது. ஃபெயிலானால் அம்மா என்ன ஆவாள் என்ற கவலையும் அதே கையில்தான் வந்து உட்காருகிறது. பின்னங்களைக் கழிக்கும்போது நான்கு உறுப்புகளை ஏந்த வேண்டும். இரண்டை ஏற்கெனவே கவலை பிடித்துக்கொண்டால் மிச்சம் என்ன? சியன் பைலாக்கும் தாமஸ் காரும் 2005இல் கண்டது இன்னும் வேதனையானது. அழுத்தத்தில் அதிகம் சரிந்தவர்கள் செயல்நினைவு மிகுந்தவர்கள். சாதாரண நேரத்தில் யாருக்கு அந்தக் கை அகலமோ, அவர்தான் அதை நம்பிக் கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறார்.

அப்படியானால் கவலையைத் தாளில் இறக்கி வைத்தால் கை காலியாகுமா? 2011இல் ஜெரார்டோ ரமிரெஸும் பைலாக்கும் சயின்ஸ் இதழில் ஆம் என்றார்கள். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படித்தபோது எனக்கு அந்த விடைத்தாள்தான் கண்ணில் நின்றது. ஆனால் முழுதும் சொல்லத்தான் வேண்டும். நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை ஒரு பெரிய குழு மறுபடி செய்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. 13 சோதனைகள் மறுபடியும் பலித்தன. பலிக்காத எட்டில் பயத்தை எழுதும் இந்தச் சோதனையும் ஒன்று. என் மனம் ஆசைப்படுவதால் ஒரு முடிவு உண்மையாகிவிடாது.

விடைத்தாளில் ரோஜாப்பூ போலப் படம் வரைவது வேறு கதை. ஏதாவது எழுதத் துடிக்கும் கைக்குப் படம் வரைய நேரம் ஏது? படங்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். தெரிந்ததெல்லாம் எழுதியாகிவிட்டது, மணி அடிக்கும் வரை எழுந்து போகவும் முடியாது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தின் விளைச்சல் அவை. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் 40 பேரிடம் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பேச்சைக் கேட்கச் சொன்னார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் நிழல் தீட்டினார்கள். அவர்களுக்கு 29 சதவீதம் அதிகம் நினைவிருந்தது. மனம் எங்கோ பகற்கனவில் போய்விடாமல் கை அதைப் பிடித்து வைக்கிறது என்பது அவருடைய ஊகம்.

ரஷ்யாவின் நோவ்கொரோதில் பதிமூன்றாம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்று ஒரு சிறுவன் இருந்தான். வயது ஆறு, ஏழு இருக்கலாம். அவன் பூர்ச்ச மரப்பட்டையில் கீறி எழுதிய பாடங்கள் ஈர மண்ணுக்குள் அழுகாமல் கிடந்து 1956இல் வெளிப்பட்டன. அகரவரிசையைக் கொஞ்சம் எழுதிவிட்டு, குதிரை மேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனாகத் தன்னை வரைந்துகொண்டிருக்கிறான். இன்னொரு பட்டையில் ஒரு விலங்கை வரைந்து அதுவும் தான்தான் என்று எழுதி, தானிலோ என்ற ஒருவனுக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறான். அவன் வரைந்த மனிதர்களின் கைகளில் விரல்கள் மூன்றும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். பாடத்தாளின் ஓரத்தில் ஒரு பிள்ளை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வது அவ்வளவு பழையது.

அந்தக் குரலை நாங்கள் ஏன் கேட்கக் கூடாது? கேட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்தின் ஆயிரம் ஆண்டு அனுபவம் இருக்கிறது. அரசுப் பதவிக்கான தேர்வில் பெயரை மூடி ஒட்டும் வழக்கத்தைச் சோங் அரசவை 992இல் அரண்மனைத் தேர்வுக்குக் கொண்டுவந்தது. பெயரை மூடினாலும் கையெழுத்து ஆளைக் காட்டிக் கொடுத்தது. எனவே 1015இல் விடைகள் அத்தனையையும் எழுத்தர்களை வைத்துப் படியெடுக்கத் தனி அலுவலகமே அமைத்தார்கள். பிற்கால வழக்கத்தில், எழுதியவர் கருப்பு மையில் எழுதுவார்; எழுத்தர் சிவப்பு மையில் படியெடுப்பார்; இன்னொருவர் இரண்டையும் ஒப்பிடுவார்; தேர்வாளர் கண்ணில் படுவது சிவப்புப் படி மட்டும். ஒரு பூவோ ஒரு கறையோகூட அந்தப் பக்கம் கடக்க முடியாது. மூலத்தாளைக் கறைப்படுத்தியவர் பெயரைப் பட்டியலிட்டு ஒட்டி, அடுத்த சுற்றுக்கு விடாமல் வெளியே அனுப்பினார்கள்.

அப்படியும் செய்தி கடந்தது, சொல்லாக மாறி. இந்த வாக்கியத்தின் முடிவில் இந்தச் சொல் வரும் என்று முன்பே தேர்வாளரிடம் சொல்லி வைப்பார்கள். எத்தனை எழுத்தர் படியெடுத்தாலும் அந்தச் சொல் மாறாதே! 1858இல் பெய்ஜிங் தேர்வில் இப்படித் துண்டுச்சீட்டு போன விவகாரத்தில் போ ஜுன் என்ற பேரமைச்சரின் தலையே மறுஆண்டு போனது. 1893இல் சோ ஃபூச்சிங் என்ற முன்னாள் அதிகாரி, தன் மகன் எழுதவிருந்த தேர்வின் முதன்மைத் தேர்வாளருக்குக் கடிதமும் பணம் தருவதாக உறுதிச்சீட்டும் அனுப்பிப் பிடிபட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது நிறைவேறாமல் ஹாங்சோ சிறையில் பல ஆண்டுகள் கிடந்தார். குடும்பம் நொடித்தது. அந்த வீட்டில் அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த பேரன் பின்னாளில் லூ சுன் என்ற பெயரில் புகழ்பெற்ற எழுத்தாளனானான்.

லஞ்சமே இல்லாவிட்டாலும் திருத்துபவர் கை நடுங்கும். 1913இல் விஸ்கான்சினின் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 28 போட்டவரும் உண்டு, 95 போட்டவரும் உண்டு. அதுவும் கணக்கில்! அதோடு ஒரு தாயின் நோயும் சேர்ந்துகொண்டால், எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடும். அதைவிடப் பெரிய துயரத்தை எழுதாமல் விழுங்கிய பிள்ளைக்குக் கூடாது. பிரிட்டன் 1855இல் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வைத் தொடங்கியபோது சீன முறை அங்கே பெரிதும் பேசப்பட்ட விஷயம். முகாமில் என் மேசைக்கு வந்த டம்மி நம்பருக்கு அவ்வளவு நீளமான வேர் இருக்கிறது. அதை நான் மனதார மதிக்கிறேன்.

நம் பிள்ளைகள் பலர் எழுதத் தொடங்குமுன் தாளின் உச்சியில் சின்னதாக ஓர் 'உ' போடுவார்கள். பிள்ளையார் சுழிக்கு மதிப்பெண் இல்லை. அதைத் திருத்துபவருக்காகப் போடுவதும் இல்லை. ஆனாலும் வெற்றுத்தாளின் முன் தனியாக உட்காரும் கை, முதலில் யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறது.

'வரமாட்டேங்குது' என்று எழுதியிருந்த அந்தத் தாளை முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மார்க்கு கேக்கலையே. பேரும் போடலை. புள்ளை தனக்குத்தானே பேசியிருக்கு. திருத்துங்க டீச்சர்" என்றார்.

என் மேசைக்குத் திரும்பிப் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தின் மேலே கேள்வி எண் மறுபடியும் போட்டிருந்தது. புதிதாக ஒரு படம், முதல் படத்தைவிடப் பெரிது. இரண்டு சமன்பாடுகள். கழித்தல். இரண்டு பின்னங்களும் ஒரே பகுதிக்கு வந்திருந்தன. அதன் பிறகு தொலைவு மிக அதிகமெனில் எது சுருங்கும் என்பதும், கடைசி விடையும், புலத்தின் திசையும். ஒரு தாளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஐந்து போட்டு, அடுத்த கேள்விக்குப் போனேன்.