தாடி ஓணான் குட்டி ஏன் சாப்பிட மறுக்கிறது?

கடையில் துறுதுறுவென்று ஓடி இரை பிடித்த குட்டி, வீட்டுக்கு வந்ததும் ஒரு மூலையில் கண்ணை மூடிப் படுத்துவிடுகிறது. முன்னால் போட்ட பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று இப்படியே போகிறது. ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் தாடி ஓணான் குட்டியை முதன்முதலாக வளர்ப்பவர்கள் கலங்கிப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

“பசி வந்தால் தானாகச் சாப்பிடும்” என்று சிலர் சொல்வார்கள். “வாயைத் திறந்து ஊட்டிவிடு” என்பார்கள் வேறு சிலர். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஆபத்து, குட்டியின் மெல்லிய தாடை எளிதில் காயப்பட்டுவிடும். பசி மட்டும் இருந்தால் இந்தக் குட்டியால் சாப்பிட முடியாது. பயம் தணிய வேண்டும், உடல் சூடாக வேண்டும், சரியான ஒளி கிடைக்க வேண்டும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதன் சொந்த ஊர்

செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் தாடி ஓணானின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். ஆஸ்திரேலியாவின் கிழக்கு, மத்திய உள்நாட்டு வறண்ட நிலங்களே இதன் தாயகம். தொண்டைத் தோலில் முள் போன்ற செதில்கள் இருக்கும். மிரளும்போது அதை உப்ப வைத்துக் கருமையாக்கிக் காட்டும். அதனால்தான் ‘தாடி’ என்ற பெயர்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது குட்டி வாலோடு சேர்த்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். எடை சில கிராம்தான். தாய் முட்டைகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடும். முதல் நாளிலிருந்தே குட்டி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பறவை, பாம்பு, பெரிய பல்லியினங்கள் எல்லாமே அதற்கு எதிரிகள். உங்கள் வீட்டுக்கு வரும் குட்டி பண்ணையில் பிறந்ததாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை உணர்வு அதன் பிறவியிலேயே இருக்கிறது.

முதல் தடை: பயம்

தாடி ஓணானின் தலை உச்சியில் சிறு புள்ளி போன்ற ஓர் உறுப்பு உண்டு. இதை ‘மூன்றாவது கண்’ என்பார்கள். இதனால் உருவங்களைப் பார்க்க முடியாது. வெளிச்சமும் நிழலும் மாறுவதை மட்டும் உணரும். மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து வருகிறது என்று பொருள். இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஆசையோடு மேலிருந்து கையை நீட்டித் தூக்கும்போது குட்டிக்கு என்ன தோன்றும்?

ஆபத்து என்று உணர்ந்த உடல், தப்பிப்பதற்கே முதலிடம் கொடுக்கும். சாப்பிடுவதையும் செரிப்பதையும் ஒத்திப்போடும். ஆகவே முதல் ஒரு வாரம் குட்டியை முடிந்தவரை தூக்காதீர்கள். உணவு, தண்ணீர் வைக்க, சுத்தம் செய்ய மட்டும் கையை உள்ளே விடுங்கள். அதையும் பக்கவாட்டிலிருந்து மெதுவாகச் செய்யுங்கள். தம்பி தங்கைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு சிறு மறைவிடம் அவசியம். கண்ணாடித் தொட்டியில் தன் பிம்பத்தைப் பார்த்து வேறொரு ஓணான் என்று நினைத்து அலைமோதினால், மூன்று பக்கங்களை வெளியிலிருந்து காகிதத்தால் மறைத்துவிடுங்கள்.

வயிற்றில் கருமையான வளைவுக் கோடுகள் தெரிவது, தாடி கறுப்பது, கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருப்பது எல்லாம் மன உளைச்சலின் அடையாளங்கள். சில குட்டிகள் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டும். அது உங்களுக்கு ‘டாட்டா’ காட்டவில்லை. “நீ பெரியவன், நான் சண்டைக்கு வரவில்லை” என்று பணிந்துபோகும் சைகை அது.

துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு குட்டிகளை ஒரே தொட்டியில் விடுவதும் தவறு. பெரியது சூடான இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்; சிறியது ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். ஒன்றன் கால் விரலையோ வால் நுனியையோ மற்றொன்று கடித்துத் துண்டிப்பதும் உண்டு.

இரண்டாவது தடை: போதாத சூடு

“நம் நாடே சூடு. இதற்கு எதற்குத் தனியாக விளக்கு?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம் வீட்டு அறையின் வெப்பநிலை ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். தாடி ஓணான் வெயில் காய்ந்து எட்ட விரும்பும் உடல் வெப்பமோ 35 டிகிரியை ஒட்டியது. நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவற்றால் அது முடியாது. சுற்றுப்புறத்திலிருந்துதான் பெற வேண்டும்.

உணவைச் செரிப்பது நொதிகளின் வேலை. வெப்பம் குறைந்தால் நொதிகளின் வேகமும் குறையும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். சூடு போதாத குட்டியின் வயிற்றில் இரை செரிக்காமல் தங்கிவிடும். அதனால் குட்டி சாப்பிடாமல் இருப்பது பிடிவாதம் அல்ல. செரிக்க முடியாததை உடல் வேண்டாம் என்கிறது.

தொட்டியின் ஒரு முனையில் வெப்ப விளக்கைப் பொருத்துங்கள். அதன் கீழே குட்டி படுக்கும் கல் அல்லது மரக்கட்டையின் மேற்பரப்பு 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மறுமுனை 25 முதல் 30 டிகிரி வரை போதும். இந்த வேறுபாடு மிக முக்கியம். சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், போதும் என்னும்போது மறுபக்கமும் போய்க் குட்டி தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். வெயில் காயும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் பயப்படாதீர்கள். கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும் வழி அது. கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்க வேண்டாம். இரு முனைகளிலும் வெப்பமானி வையுங்கள்.

விளக்குகள் பகலில் ஏறக்குறைய 12 மணி நேரம் எரியட்டும். இரவில் எல்லாம் அணைந்திருக்கட்டும். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து முதல் உணவு கொடுங்கள். கடைசி உணவு, விளக்கை அணைப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது தடை: கண்ணுக்குத் தெரியாத ஒளி

சூரிய ஒளியில் உள்ள புறஊதா-பி கதிர் தோலில் படும்போது, அங்குள்ள ஒரு பொருள் வைட்டமின் டி3 ஆக மாறும் வேலை தொடங்குகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இந்த வைட்டமின் தேவை. அது இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் பெரும்பகுதி வீணாகிவிடும்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசைகளும் நரம்புகளும் தடுமாறும். எனவே உடல் எலும்பிலிருந்து அதை எடுக்கத் தொடங்கும். கால்கள் வளையும், நடுங்கும், தாடை ரப்பர் போல் மென்மையாகிவிடும். தாடை மென்மையானால் இரையைக் கடிக்க முடியாது. கடிக்க முடியாததால் உணவு குறையும். உணவு குறைவதால் எலும்பு மேலும் தேயும். வேகமாக வளரும் குட்டிகளையே இந்த நோய் அதிகம் தாக்குகிறது.

“சன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுமே” என்பது பலரின் எண்ணம். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும்; புறஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தொட்டியையே வெயிலில் வைப்பது இன்னும் மோசம். கதவு மூடிய கார் போல, சில நிமிடங்களில் உள்ளே கொதித்துவிடும். ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் புறஊதா-பி விளக்கே சரியான வழி. குழல் விளக்காக இருந்தால், வெளிச்சம் குறையாவிட்டாலும் அதன் புறஊதாக் கதிர் நாளடைவில் குறைந்துவிடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில் மாற்றிவிடுங்கள்.

எந்த இரை, எவ்வளவு?

வளர்ந்த தாடி ஓணான் பெரும்பாலும் இலை, காய்களைத் தின்னும். குட்டிக்கோ வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். எனவே பூச்சியே முக்கிய உணவு. பறவைக் கடைகளில் ‘செங்கெரிக்’ என்று விற்கும் கிரிக்கெட் பூச்சி இதற்கு ஏற்றது. அளவுக்கு ஓர் எளிய விதி உண்டு: குட்டியின் இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம்.

நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடங்களில் தின்னும் அளவு கொடுங்கள். புதிய இடத்தில் ஒரே நேரத்தில் நிறைய பூச்சிகளை விட்டால் குட்டி மிரளும். முதலில் இரண்டு மூன்று மட்டும் விட்டு, நீங்கள் விலகி நில்லுங்கள். மிச்சப் பூச்சிகளை எடுத்துவிடுங்கள். இரவில் அவை குட்டியைக் கடிக்கும்.

கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. குட்டியின் உடலுக்குத் தேவையோ இதற்கு நேர்மாறு: ஒரு பங்கு பாஸ்பரசுக்கு இரண்டு பங்கு கால்சியம். அதனால்தான் பூச்சிகளை ஒரு பையில் போட்டு, கால்சியம் பொடி தூவிக் குலுக்கிக் கொடுக்கிறார்கள். கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிகளுக்குக் கேரட், கீரை போட்டு வளர்த்தால் அந்தச் சத்தும் குட்டிக்குப் போய்ச் சேரும்.

பொடியாக நறுக்கிய கடுகுக்கீரை, துருவிய பூசணியைத் தினமும் வையுங்கள். தொடாவிட்டாலும் பரவாயில்லை, பழகட்டும். பசலைக்கீரையில் ஆக்சாலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அவகாடோ கூடவே கூடாது.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகளும் வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கலாம். மின்மினி இன்னும் ஆபத்து. வட அமெரிக்க மின்மினிகளின் உடலில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. அவற்றைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்திருக்கின்றன.

தண்ணீரும் தரையும்

நம் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல். வறண்ட நிலத்து ஓணானுக்கு அது அதிகம். மேல்பக்கம் கம்பி வலை உள்ள, காற்றோட்டமான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சில குட்டிகள் கண்டுகொள்ளாது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால் நக்கிக் குடிக்கும். தரையில் மணல் வேண்டாம். இரையோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். காகிதத் துண்டே போதும், மலத்தையும் எளிதாகக் கவனிக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, இரு முனைகளின் வெப்பம், தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை, மலம் கழித்ததா என்பதைத் தினமும் எழுதுங்கள். வாரம் ஒரு முறை மின்னணுத் தராசில் எடை பாருங்கள். முதல் சில நாள் குறைவாகத் தின்றாலும், கண் தெளிவாக இருந்து, எடை குறையாமல் இருந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் எடை குறைந்துகொண்டே போனால், கண் குழி விழுந்தால், கைகால் நடுங்கினால், தொடர்ந்து வயிற்றுப்போக்கு இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் குறிப்பேட்டோடு போங்கள். அவர் கேட்கும் பெரும்பாலான கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.

குட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா? சிங்கப்பூரில் தாடி ஓணானைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் இருப்பவர்கள், உரிமம் தேவையா என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் பெற்றோர் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாகப் பராமரித்தால் இது 10 ஆண்டுகள் வரை வாழும். இன்று படிவம் 2 படிக்கும் நீங்கள் வேலைக்குப் போகும்போதும் அது விளக்கடியில் படுத்திருக்கும். தொட்டியையும் விளக்குகளையும் முதலில் வாங்கி, வெப்பத்தை இரண்டு மூன்று நாள் அளந்து சரிபார்த்துவிட்டு, குட்டியைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.