டம்மி டக் முடிஞ்ச பிறகு இன்னொரு ஆபரேஷன்: வேணுமா, வேண்டாமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை ரெண்டு தடவை பதிவு பண்ணி ரெண்டு தடவையும் அழிச்சிட்டேன். மைக்கில் கோளாறு எதுவும் இல்லை, எனக்குத்தான் கூச்சம். இன்னிக்கு எப்படியும் முடிச்சிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

எனக்கு ரெண்டு குழந்தைங்க, ரெண்டும் சிசேரியன். சின்னவளுக்கு நாலு வயசு ஆனப்போ மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டம்மி டக் பண்ணிக்கிட்டேன். மருத்துவப் பெயர் அப்டாமினோபிளாஸ்டி. பண்ணி பதினாலு மாசம் ஆச்சு. இப்போ கேள்வி என்னன்னா, அதைச் சரிபண்ண இன்னொரு ஆபரேஷனுக்குப் போகணுமா? இதுக்கு ‘ரிவிஷன்’னு பேரு. அம்மாகிட்ட சொன்னப்போ கம்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க: “ஏண்டி, ஒரு தடவை கிழிச்சது பத்தாதா?”

நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியலை.

முதல்ல, இந்த ஆபரேஷன்ல என்ன செய்யறாங்கன்னு சொல்லிடறேன். அடிவயித்தில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரைக்கும் கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு பக்கம் வரைக்கும் தூக்குவாங்க. கர்ப்பத்தில் நடுவயித்தில் விலகிப்போன ரெண்டு தசைகளையும் சேர்த்துத் தைப்பாங்க. அப்புறம் தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புதுசா வழி விட்டுத் தைச்சிடுவாங்க. கொஞ்ச நாளைக்கு நீர் வடியறதுக்கு டியூப் இருக்கும். சின்ன வேலை இல்லை.

தசை விலகறது கர்ப்பத்தால வர்றது, சுகப்பிரசவத்திலும் வரும். சிசேரியன் அதோட ஒரு தழும்பையும் சேர்க்குது. சிலருக்குத் தையல் போட்ட இடம் பலவீனமாகி அந்த வழியா குடலிறக்கம், அதாவது ஹெர்னியா வரலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. ஊர்ல விடியக்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காமார்ல எத்தனை பேருக்கு இந்த வயித்துத் தொந்தரவு இருக்கும்னு நான் முன்னாடி யோசிச்சதே இல்லை. அவங்க அதுக்கு முந்தானையை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போயிடறாங்க.

சரி, என் கதைக்கு வர்றேன். அஞ்சாவது மாசம் கண்ணாடியில் பார்த்தா மூணு விஷயம் உறுத்துச்சு. தழும்போட வலது ஓரத்தில் தோல் சின்ன முடிச்சு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு. தழும்பு செவந்து தடிச்சிருந்துச்சு. சாயங்காலம் ஆனா வயிறு முன்னாடி தள்ளுச்சு. சென்னையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பத்து நிமிஷம் பார்த்தாங்க. “ரிவிஷன் பண்ணிடலாம், இந்த மாசம் புக் பண்ணா தள்ளுபடி உண்டு”ன்னு சொன்னாங்க. பணம் கட்ட கார்டை எடுத்தே விட்டேன். அன்னிக்கு ஓடிபி வரலை. அந்த ஓடிபி வராததுக்கு இன்னிக்கு வரைக்கும் நன்றி சொல்றேன்.

ஏன்னா அஞ்சாவது மாசத்தில் நான் பார்த்தது முடிஞ்சுபோன வயிறே இல்லை. தழும்புக்கு மேல, தொப்புளுக்குக் கீழ இருக்கிற வீக்கம் வடிய ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். தழும்பு முதல் சில மாசம் மோசமாகிட்டுதான் அப்புறம் வெளுத்து அடங்கும். அது முதிர ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும். அதனாலதான் ரிவிஷன் முடிவைக் குறைஞ்சது ஆறு மாசம், முடிஞ்சா ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்றாங்க. காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. காய்ச்சல், தையலில் சீழ், தோல் கறுத்துப்போறது, வயித்தில் தண்ணி தேங்கின மாதிரி தளும்பறது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, திடீர்னு மூச்சு வாங்கறது. இதுல எது வந்தாலும் ரிவிஷனைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

காத்திருந்த பிறகும் மனசுக்குப் பிடிக்கலைன்னா? என்னைத் தெளிய வெச்சது ரெண்டாவது கருத்து கேட்கப் போன டாக்டர். அவர் ரிவிஷனைப் பத்திப் பேசவே இல்லை. “எது பிடிக்கலைன்னு விரலை வெச்சுக் காட்டுங்கம்மா”ன்னார். நான் மூணு இடத்தைக் காட்டினேன். மூணும் மூணு வேற சிக்கல்னு அப்பதான் தெரிஞ்சுது.

ஓரத்தில் துருத்தின முடிச்சுக்கு ‘டாக் இயர்’னு பேரு, நாய்க்காது. நீளமான தையலோட முனையில் தோல் மிச்சப்பட்டா வரும். சில மாசத்தில் தானாவே கொஞ்சம் படியும். ஒரு வருஷம் கழிச்சும் இருந்தா, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு வெட்டித் தைச்சிடலாம். அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். தழும்பு அந்தப் பக்கம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

தடிச்ச தழும்பு விவகாரமே வேற. நம்ம மாதிரி மாநிறத் தோலுக்குத் தழும்பு தடிக்கிற சுபாவம் கொஞ்சம் அதிகம். கீலாய்டு வகைத் தழும்பா இருந்தா, வெட்டித் திருப்பித் தைச்சா முன்னைவிடப் பெரிசா வளரக்கூட வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல சிலிக்கான் ஷீட், தழும்புக்குள்ள ஸ்டீராய்டு ஊசி, அதெல்லாம் பார்ப்பாங்க. கத்தி கடைசியிலதான். காது குத்தின இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்குத் தடிச்சிருந்தா, டம்மி டக்குக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொல்லலை. அவங்களும் கேட்கலை.

மூணாவது, சாயங்கால வயிறு. இதுலதான் நிறைய பேர் ஏமாறுவோம். அவர் என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார், தலையை மட்டும் தூக்கச் சொன்னார். நடுக்கோட்டில் மேடு கிளம்பினா தையல் விட்டு தசை திரும்பப் பிரிஞ்சிருக்கலாம், இல்லை ஹெர்னியாவா இருக்கலாம். ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும். எனக்கு மேடு வரலை, ஸ்கேனிலும் தசை சேர்ந்தே இருந்துச்சு. அப்போ வயிறு ஏன் தள்ளுது? கையால் பிடிச்சா கையில் வர்ற கொழுப்பு தோலுக்கு அடியில் இருக்கிறது. கையில் வராத கொழுப்பு உள்ளே, குடலைச் சுத்தி இருக்கிறது. எந்த டம்மி டக்கும் அதைத் தொடாது. தோலை எவ்வளவு இறுக்கினாலும் அது உள்ளே இருந்து தள்ளிக்கிட்டேதான் இருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ஆறு கிலோ ஏறியிருந்துச்சு. அன்னிக்கு நான் அந்தத் தள்ளுபடியில் புக் பண்ணியிருந்தா, ஆபரேஷன் தீர்க்க முடியாத ஒண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியிருப்பேன்.

தசை நிஜமாவே பிரிஞ்சிருந்தாலோ ஹெர்னியா இருந்தாலோ கணக்கே மாறிடும். அது அழகுப் பிரச்சினை இல்லை, உடம்புப் பிரச்சினை. தேனிப் பக்கம் இருக்கிறவங்க கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பிரிவுல காட்டலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறையே இருக்கு. ரிவிஷன் பண்ணி நமக்கு விக்கணும்னு அங்க யாருக்கும் அவசியம் இல்லைங்கறதாலேயே அந்தக் கருத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. வரிசையில் நிக்கணும், நிக்கலாம்.

முழு ரிவிஷன்னா, அதாவது திரும்பத் தோலைத் தூக்கி இழுக்கறதுன்னா, முதல் தடவையைவிட யோசிக்கணும். முதல் ஆபரேஷன்லயே அந்தத் தோலுக்கு வர்ற ரத்தக்குழாய்கள் பல வெட்டுப்பட்டிருக்கும். இழுக்க மிச்சத் தோலும் கம்மி. புகை பிடிக்கிறவங்களுக்குத் தோல் செத்துப்போற ஆபத்து கூடும், சில வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. அழகுக்கான ஆபரேஷன்களில் காலில் ரத்தம் உறையற ஆபத்து அதிகமா இருக்கிறதில் இதுவும் ஒண்ணு. இன்னொரு குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா அது முடியற வரைக்கும் தள்ளிப்போடுங்க. எடை சில மாசமா ஒரே இடத்தில் நிக்கலைன்னாலும் அப்படித்தான்.

தூரத்தையும் கணக்கில் எடுங்க. கம்பத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல. முதல் தடவை அஞ்சாம் நாள் டியூபோட கார்ல வந்தேன். ஆண்டிபட்டி கணவாயில் ஒவ்வொரு வளைவும் இன்னும் ஞாபகம் இருக்கு. நடுவில் இறங்கி நடக்கணும்னு யாரும் சொல்லலை. கால்ல ரத்தம் உறையாம இருக்க அந்த நடை முக்கியம். அப்புறம் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. எங்க வீட்ல பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில் கையை மேலே தூக்கிக்கிட்டே கவாத்து பண்ணணும், குலை வெட்டணும். வயித்துத் தையலுக்கு அதைவிட மோசமான வேலை இல்லை. உங்க வீட்டில் அந்த ஆறு வாரம் யார் தண்ணிக் குடம் தூக்குவா, யார் குழந்தையைத் தூக்குவான்னு பேர் சொல்ல முடியலைன்னா தேதி குறிக்காதீங்க.

பணம். அழகுக்கான ஆபரேஷன் பொதுவா காப்பீட்டில் வராது. முதல்ல பண்ண சர்ஜன் தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆனா தியேட்டர், மயக்க மருந்து, மருந்துச் செலவு தனியா வரும். எழுதி வாங்கிக்குங்க. வேற சர்ஜன்கிட்ட போறதா இருந்தா பழைய ஆபரேஷன் குறிப்பு வேணும். எங்க கீறினாங்க, தசையை எப்படித் தைச்சாங்கன்னு அதுலதான் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளே சொல்லுது. கேட்க வெட்கப்படாதீங்க, அது சண்டை போடற மாதிரி இல்லை. சர்ஜனுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் இல்லை டிஎன்பி இருக்கான்னும் பாருங்க. ‘காஸ்மெட்டிக்’னு போர்டு இருக்கிறது படிப்பு ஆகாது. பிடிக்காத முடிவு வந்ததாலேயே அது டாக்டரோட தப்பு ஆகிடாது. அலட்சியம்னு நிஜமாவே தோணினா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம்தான் கெடு. ஒரு வருஷம் காத்திருக்கும்போது இதையும் மனசுல வெச்சுக்குங்க.

நான் என்ன முடிவு பண்ணேன்? முழு ரிவிஷன் இல்லை. நாய்க்காதை மட்டும் எடுக்கறேன். தழும்புக்கு ஊசி ஆரம்பிச்சாச்சு, ரெண்டு போட்டதுல அரிப்பு நின்னுடுச்சு. ஆறு கிலோல ரெண்டு குறைஞ்சிருக்கு. தொப்புள் லேசா ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. அதை யாருமே கவனிக்கலை, நான் தினமும் கவனிக்கிறேன். அதுக்கும் ஆபரேஷன் உண்டுன்னு தெரியும். இப்போதைக்கு வேண்டாம்னு வெச்சிருக்கேன்.

தேதி கேட்டப்போ சித்திரையில் ஒரு நாள் சொன்னாங்க. அம்மா ஒத்துக்கலை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அவங்க தீச்சட்டி எடுக்கறாங்க, கூடவே நான் நடக்கணும். “திருவிழா முடியட்டும், அப்புறம் போய் உன் நாய்க்காதை அறுத்துக்க”ன்னாங்க. வைகாசிக்கு மாத்தியாச்சு.