அடுப்பு மூட்டாத திருநாள்

தை மாதம் ஐந்தாம் நாள், தென்பெண்ணை ஆற்றில் ஆற்றுத் திருவிழா. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பகுதியில், ஆற்றங்கரை ஊரான சோரியாங்குப்பத்தில்தான் என் பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "இந்தத் தடவை அவசியம் வா" என்று அவள் அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருவிழா என்றால் பெண்களுக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியாதா? சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். ஆண்களும் குழந்தைகளும் மணலில் திரிவார்கள். நாமோ பன்னிரண்டு பேருக்கு வடித்துக் கொட்டிவிட்டுப் போய் எட்டிப் பார்க்கும்போது, கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்!

ஆனால், அன்று காலை அக்காவின் சமையலறையில் அடுப்பே எரியவில்லை.

"ஆத்தங்கரையிலேயே குடியிருந்தும் ஆறு வருஷமாத் திருவிழாவைப் பார்க்கலை, தங்கச்சி. இன்னிக்குப் பகல் சாப்பாட்டுக்கு அடுப்பு கிடையாது" என்றாள்.

தேங்காயும் வெல்லமும் சேர்த்த அவல், பாசிப்பருப்புக் கோசுமல்லி, முளை கட்டிய பச்சைப் பயறு, வெள்ளரிப்பிஞ்சுத் தயிர்ப்பச்சடி, வாழைப்பழம், பானகம் - இதுதான் அன்றைய சாப்பாடு. அவலைப் பச்சை உணவு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அதற்கு நம் வீட்டு அடுப்பு வேண்டியதில்லை.

"அடுப்பு இல்லாவிட்டால் வேலையும் இல்லை" என்று எண்ணிவிடாதீர்கள். முந்திய வருஷம் அக்காவும் அப்படித்தான் எண்ணினாளாம். திருவிழாக் காலையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், நறுக்கித் துருவி முடித்து அரிவாள்மணையை விட்டு எழுந்தபோது மணி பன்னிரண்டு! அதற்கு ஒரு சாதமும் சாம்பாரும் வைத்திருக்கலாம். அந்த அனுபவத்தில் அவள் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலாவது, காத்திருக்கும் வேலையை இரவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு நாள் முன்பு இரவே பயற்றை ஊறப் போட்டாள். மறுநாள் காலையில் நீரை வடித்து, அலசி, சுத்தமான ஈரத்துணியில் கட்டினாள். பனிக்காலத்தில் முளை மெதுவாகத்தான் வரும். ஆகவே ஒரு நாள் முழுவதும் விட்டாள். நடுவில் இரண்டு மூன்று தடவை அலசினாள். இத்தனைக்கும் அவள் கை பட்ட நேரம் பத்து நிமிஷத்துக்கு மேல் இராது.

இரண்டாவது, ஒரே விதமான வேலையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அவல், கோசுமல்லி, பச்சடி மூன்றுக்கும் தேங்காய் வேண்டும். மூன்று முறை துருவாமல், முந்திய இரவே மொத்தமாகத் துருவிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டாள்.

மூன்றாவது, உப்பைக் கடைசியில் போட வேண்டும். வெள்ளரியில் முன்கூட்டியே உப்புப் போட்டால் நீர் விட்டுச் சளசளத்துப் போகும்; மறுபடி பிழிய வேண்டி வரும். எலுமிச்சம்பழத்தை நறுக்குமுன் தரையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சாறு சுலபமாக இறங்கும்.

இவ்வளவும் செய்ததில், திருநாள் காலையில் எங்கள் இருவருக்கும் முக்கால் மணி நேர வேலைதான் மிஞ்சியது.

பச்சை உணவைப் பற்றி ஆசையோடு யோசித்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1929-ம் வருஷம் மே மாதத்தில் அவர் வேகாத உணவுப் பரிசோதனையைத் தொடங்கினார். முளைவிட்ட கோதுமை எட்டுத் தோலா, அரைத்த பாதாம்பருப்பு எட்டுத் தோலா, பச்சைக் கீரை எட்டுத் தோலா, ஆறு எலுமிச்சம்பழம், கொஞ்சம் தேன் என்பது அவருடைய ஒரு நாள் கணக்கு. எட்டுத் தோலா என்பது சுமார் 93 கிராம். இது வெற்றி பெற்றால் பெண்கள் அடுப்படி உழைப்பிலிருந்து விடுதலை பெறுவார்கள் என்று 'யங் இந்தியா'வில் எழுதினார். ஆனால் அவருக்கு வயிற்றுக் கடுப்புக் கண்டது. ஆகஸ்டில் பரிசோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார்.

ஆகவே, எல்லா வேளையும் பச்சையாகவே உண்ணுங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போதோ ஒரு வேளை போதும். அந்த ஒரு வேளையிலும் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கழுவுவதுதான் அது! சமைக்கும்போது கிருமிகளை நெருப்புக் கொன்றுவிடும். பச்சை உணவில் அந்தப் பொறுப்பு நம் கையைச் சேர்ந்தது.

கொத்தமல்லியை அகலப் பாத்திரத்தில் நீர் விட்டு அலசி, தழையை மேலே தூக்கி எடுங்கள். அப்படியே கவிழ்த்தால், அடியில் தங்கிய மண் திரும்பவும் தழையிலேயே விழும். நீரில் மண் காணாத வரை அலசி, கடைசித் தடவை குடிக்கத் தகுந்த நீரை உபயோகியுங்கள். மீன் அரிந்த அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் வெள்ளரிக்குத் தொடாதீர்கள். முளைப்பயறு பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் பயற்றை வேகவைத்தே கொடுங்கள். அன்று அக்காவின் மாமியாருக்கு மட்டும் காலையிலேயே இட்லி வந்துவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து! ராஜ்மா, மரவள்ளிக்கிழங்கு இரண்டையும் ஒருபோதும் பச்சையாகத் தின்னக் கூடாது. அவற்றில் நச்சுப் பொருள் உண்டு.

பத்து மணிக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அக்கா மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவாமிகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது, ஆற்றுத் திருவிழாவுக்கே உரிய சிறுவள்ளிக்கிழங்கை இரண்டு கிலோ வாங்கினாள்.

"இதையும் பச்சையாவா?" என்றார் அத்தான், சற்றுப் பயந்தவராக.

"அதை வேகவைக்கணும். ராத்திரி அடுப்பை நீங்க மூட்டுங்க!" என்றாள் அக்கா.

மூட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.