வீட்டு உதவிக்கு முன் கடன் அட்டையைப் பாருங்கள்

கூரை வீட்டில் குடியிருக்கும் சிறு விவசாயிகள் கல்வீடு கட்டிக்கொள்ள, பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்காக 1,20,000 ரூபாய் வகுக்கப்பட்டுள்ளது. 2016-ல் தொடங்கிய இத்திட்டம், 2024-ல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அப்போது விதிகளும் சற்றுத் தளர்ந்தன. மோட்டார் சைக்கிளோ குளிர்சாதனப் பெட்டியோ வைத்திருப்பது இனித் தடையல்ல.

விவசாயக் குடும்பங்கள் இடறுவது வேறிடத்தில். கிசான் கடன் அட்டையின் வரம்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் உதவி கிடையாது. பார்க்கப்படுவது வரம்புதான், பாக்கி அல்ல. கடனை முழுவதும் அடைத்தவருக்கும் இதே கதிதான். இன்றைய உர விலையில் இது பெரிய வரம்பே அல்ல, என்றாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. பாசன நிலம் இரண்டரை ஏக்கரோ, மானாவாரி ஐந்து ஏக்கரோ எட்டினாலும் தகுதி போய்விடும். டிராக்டர் வைத்திருப்போருக்கும் இல்லை.

வெறும் மனு கொடுத்து இதைப் பெற முடியாது. கணக்கெடுப்பில் பெயர் ஏறி, கிராம சபை சரிபார்த்த பட்டியலில் இடம்பெற வேண்டும். எனவே பட்டியல் வைக்கப்படும் கூட்டத்துக்குத் தவறாமல் செல்வது அவசியம். பெயர் விடுபட்டிருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, மாவட்ட மேல்முறையீட்டுக் குழு வரை போகலாம். பணம் தவணைகளாக வங்கிக் கணக்குக்கே வரும். இடையில் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை.