எண்ணத்தின் எல்லைக்கோடு

அக்கரப்பத்தனைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் கற்பித்த காலம். திருக்குறளில் ஊக்கமுடைமை அதிகாரத்தை முடித்த நாளன்று, பத்தாம் வகுப்பு மாணாக்கரிடம் துண்டுத் தாள் கொடுத்து, எதிர்காலத்தில் என்ன ஆக விருப்பம் என எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் "ஆசிரியர்" என்றே எழுதினர். சிலர் கொழும்பில் கடைவேலை என்றனர். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், முதலில் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, அருகே "ஆசிரியை" என எழுதியிருந்தாள். அடிபட்ட சொல், "தோட்டத்துரை".

"ஏனம்மா அடித்தாய்?" என்றேன்.

"நம்ம ஆளுங்கள்ல பொம்பளப் புள்ள யாரும் தொரையா இல்லையே, சார்" என்று தலைகுனிந்தாள்.

அவள் துரையைக் காணாதவள் அல்லள். மலையிலும் பெரட்டுக் களத்திலும் கண்டே வளர்ந்தவள். ஆயினும், காண்பதனால் மட்டும் ஆசை வேர்கொள்வதில்லை. நம்மவர் ஒருவர் அவ்விடத்தில் நிற்கக் காணவேண்டும். தம்மைப் போன்றவர் செய்து முடிப்பதைக் காண்பதே, "என்னாலும் இயலும்" என்னும் நம்பிக்கையின் ஊற்றுகளுள் ஒன்று என 1977இல் எழுதினார் உளநூலறிஞர் அல்பேர்ட் பண்டுரா. பிள்ளைகள் தம் பாலுக்கும் குடும்ப நிலைக்கும் ஒவ்வாதெனத் தோன்றும் தொழில்களை இளமையிலேயே தாமாக விலக்கிவிடுகின்றனர் என்று 1981இல் விளக்கினார் லிண்டா கொட்பிரட்சன். அந்த அடித்தற்கோடு இதற்குச் சான்றன்றோ!

ஆசிரியத் தொழில்மீது இத்துணை விருப்பம் எழுந்ததும் அவ்வாறே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களுக்கு அரச உத்தியோகம் எட்டாக்கனியாயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கியது. இதற்கிடையில், 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. பின்னர் மலையக இளைஞர் பலர் ஆசிரிய நியமனம் பெற்றனர். லயத்தில் பிறந்தவர் கரும்பலகையின் முன் நின்றார். பிள்ளைகளின் கனவும் அங்கே சென்று நின்றது.

அடுத்த வாரம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயிலும் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தியை வகுப்பிற்கு அழைத்தேன். அவள் பேசி முடித்ததும் முதலில் எழுந்தவள் அந்த மாணவிதான். "அங்க சேர என்ன படிக்கணும், அக்கா?" என்றாள்.

"உயர்தரத்தில் விஞ்ஞானம்."

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பாடசாலையில் அப்பிரிவு இல்லை.

உள்ளத்தில் விழுந்த கோட்டை ஓர் ஆசிரியர் அழிக்க முயலலாம். அதற்கு வெளியே கிடக்கும் கோட்டை அழிப்பது யார் கடன்?